ரோஜர் ஈபர்ட்டை நம்பிப் படம் பார்க்கலாமா?

பின்வரிசை:

எல்லாருக்கும் வணக்கம். ஆங்கிலப் படங்களை ஒழுங்காக உட்கார்ந்து பார்க்கலாம் என்று ஆரம்பித்திருக்கிறேன். எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தெரியாமல் 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழில் ரோஜர் ஈபர்ட் எழுதிய பழைய விமர்சனங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டேன். 1975-ல் புலிட்சர் பரிசு வாங்கியவர், அதை வாங்கிய முதல் சினிமா விமர்சகர் என்றெல்லாம் படித்ததும், ஆள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

இப்போது ஒன்றும் புரியவில்லை. 'டை ஹார்ட்' படத்துக்கு நாலுக்கு இரண்டு நட்சத்திரம். 'கிளாடியேட்டர்' அதுவும் இரண்டுதான், ஆஸ்கரில் சிறந்த படம் வாங்கியது. 'யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' ஒன்றரை. 'ப்ளூ வெல்வெட்' ஒன்றே ஒன்று! சரி, கறாரான வாத்தியார் போல என்று நினைத்தால், ராட்சதப் பாம்பு ஆளை விழுங்கும் 'அனகோண்டா'வுக்கு மூன்றரை போட்டு வைத்திருக்கிறார். கப்பல் ஓடும் 'ஸ்பீட் 2'க்கு மூன்று.

இவரிடம் ஏதாவது கணக்கு இருக்கிறதா, இல்லை அன்றைக்கு என்ன மனநிலையோ அதுதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டப்பிங் மன்னன்:

நிக்கோலஸ் கேஜ் நடிச்ச 'நோயிங்' படத்துக்கு நாலுக்கு நாலு குடுத்த மனுஷன் ப்ரோ அவர். பாதிப் பேர் கழுவி ஊத்துன படம். இதுக்கு மேல என்ன சொல்ல? படத்தைப் பாருங்க, மார்க் ஷீட்டை அப்புறம் பாத்துக்கலாம்.

பழைய டெஸ்க்:

தம்பி, நான் ஒரு நாளிதழில் சினிமா பக்கம் பார்த்தவன். விமர்சகர் ராத்திரி கடைசி நேரத்தில் விமர்சனத்தை அனுப்புவார், நட்சத்திரம் போட மறந்திருப்பார். போன் பண்ணினால் "மூணு போட்டுக்குங்க" என்பார். ரெண்டு நிமிஷம் பேசிக்கொண்டிருந்தால் "சரி, ரெண்டரை" என்று இறங்குவார். வெள்ளிக்கிழமை படத்துக்கு சனிக்கிழமை பக்கம் போயாக வேண்டும், அவ்வளவுதான். அதனால் எனக்கு நட்சத்திரத்தின் மேல் பக்தி கிடையாது.

ஈபர்ட்டுக்கும் பெரிய பக்தி இல்லை. ஆனால் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார், அதை ஒளிக்கவும் இல்லை. 2004-ல் 'ஷாவ்லின் சாக்கர்' விமர்சனத்தில் விளக்கியிருக்கிறார். காமிக்ஸ் ஹீரோ படமான 'ஹெல்பாய்' எப்படி என்று நண்பர் கேட்டால், அவர் அதை 'மிஸ்டிக் ரிவர்' மாதிரி கனமான படத்தின் பக்கத்தில் வைத்துக் கேட்கவில்லை, இன்னொரு காமிக்ஸ் படமான 'பனிஷர்' பக்கத்தில் வைத்துத்தான் கேட்கிறார் என்பது ஈபர்ட்டின் வாதம். ஒரு படம் தன் இனத்துக்குள் எங்கே நிற்கிறது என்பதற்கே மதிப்பெண். 'அனகோண்டா' பாம்புப் படமாக இருக்க வந்தது, நல்ல பாம்புப் படமாக இருக்கிறது, ஜான் வாய்ட் வில்லனாக வந்து வெளுத்து வாங்குகிறார், ஆகவே மூன்றரை. இதற்கும் 'ப்ளூ வெல்வெட்'டுக்கும் ஒரே தராசு போட்டால் நமக்குத்தான் குழப்பம்.

நீங்கள் எண்ணை மட்டும் பார்க்கிறீர்கள், எழுத்தைப் படியுங்கள். 'டை ஹார்ட்' விமர்சனத்தில் ஆலன் ரிக்மனின் வில்லனும் சண்டைக் காட்சிகளும் அவருக்குப் பிடித்தே இருந்தன. கட்டடத்துக்குக் கீழே நின்றுகொண்டு ஒவ்வொரு முறையும் தப்பாகவே முடிவெடுக்கும் அந்தப் போலீஸ் அதிகாரி ஒருத்தர், அவர் ஒரு ஆளால் படமே கெட்டது என்று எரிச்சலாகிறார். எனக்கு அந்த எரிச்சல் இல்லை, படம் எனக்குப் பிடிக்கும். ஆனால் எதனால் இரண்டு என்று தெரிந்துவிட்டது, அது எனக்குப் பொருந்தாது என்றும் தெரிந்துவிட்டது. இதைவிட ஒரு விமர்சகர் வேறென்ன செய்ய வேண்டும்? 'கிளாடியேட்டர்' மேல் கோபம், படம் முழுக்க மங்கலாக, அழுக்கு நிறத்தில் இருக்கிறது, ஆட்கள் சோர்ந்து கிடக்கிறார்கள் என்று. 'யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்'க்கு இன்னும் எளிது: புரிந்த அளவுக்குக்கூட அக்கறை வரவில்லை.

'ப்ளூ வெல்வெட்' வேறு ரகம். அந்த 1986 விமர்சனத்திலேயே சில காட்சிகளுக்கு இருக்கும் வேகத்தை ஒப்புக்கொள்கிறார். இதை ஏன் மாபெரும் படம் என்கிறார்கள் என்பது புரிகிறது என்றும் சொல்கிறார். இசபெல்லா ரோசலினியை அப்படி அவமானப்படுத்திவிட்டு, அடுத்த காட்சியில் படம் சின்ன ஊரைக் கிண்டலடித்துச் சிரிக்கிறதே, அந்த நடிகை தந்ததற்கு இதுவா மரியாதை என்பதுதான் அவர் கேள்வி. ஒற்றை நட்சத்திரம் அந்தக் கோபத்துக்கு. அதே படத்தை டிவி நிகழ்ச்சியில் அவருடைய ஜோடி, 'சிகாகோ ட்ரிப்யூன்' ஜீன் சிஸ்கல், தூக்கிப் பிடித்தார்.

சிஸ்கல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அந்த நிகழ்ச்சியில் படம் பிடித்தால் கட்டைவிரலை மேலே காட்டுவார்கள், பிடிக்காவிட்டால் கீழே. 1987-ல் ஒரே நிகழ்ச்சியில் ஈபர்ட் கூப்ரிக்கின் போர்ப்படமான 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்'டுக்குக் கட்டைவிரல் கீழே, நாய்க்குட்டிப் படமான 'பெஞ்சி த ஹன்டட்'டுக்குக் கட்டைவிரல் மேலே! சிஸ்கல் விடுவாரா? ஓட்டித் தள்ளிவிட்டார்.

மாற்றிக்கொள்ளவும் தெரிந்த ஆள். 'கிரவுண்ட்ஹாக் டே'க்கு 1993-ல் மூன்று போட்டவர், 2005-ல் குறைத்து மதிப்பிட்டுவிட்டேன் என்று எழுதி, தன் மகத்தான படங்கள் வரிசையில் சேர்த்துக்கொண்டார். இதைவிட சுவாரசியம் வின்சென்ட் காலோவின் 'பிரவுன் பன்னி'. 2003-ல் கான் விழாவில் பார்த்துவிட்டு, இந்த விழா வரலாற்றிலேயே மோசமான படம் என்றார். காலோ பதிலுக்கு அவர் உடம்பைக் கேலி செய்தார், குடலில் புற்றுநோய் வரச் சாபமும் விட்டார். எனக்கு ஒருமுறை குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள், டிவியில் அதைப் பார்த்தது உங்கள் படத்தைவிடப் பொழுதுபோக்காக இருந்தது என்று ஈபர்ட் திருப்பிக் கொடுத்தார். சண்டை இத்தோடு முடியவில்லை. காலோ இருபது நிமிஷத்துக்கும் மேல் வெட்டி மறுபடி வெளியிட்டதும், 2004-ல் மூன்று நட்சத்திரம்! வெட்டியதில் உள்ளே இருந்த நல்ல படம் வெளியே வந்துவிட்டது என்று எழுதினார். அவ்வளவு திட்டு வாங்கியவர் இன்னொரு தடவை போய் நியாயமாகப் பார்க்கிறார் பாருங்கள்.

செவ்வந்தி:

பழைய டெஸ்க் சார் ரொம்பத்தான் செல்லம் கொடுக்கிறார். இனத்துக்குள் மதிப்பெண் என்றால் இதைக் கொஞ்சம் விளக்குங்கள்: 'ஐ ஸ்பிட் ஆன் யுவர் கிரேவ்' படத்துக்கு 1980-ல் பூஜ்யம். அதே மாதிரி பாலியல் வன்முறையும் பழிவாங்கலும் இருக்கிற 'லாஸ்ட் ஹவுஸ் ஆன் த லெஃப்ட்'டுக்கு 1972-ல் மூன்றரை. எங்கே போச்சு கணக்கு?

ரோசலினி விஷயமும் எனக்கு நெருடுகிறது. அவர் வளர்ந்த பெண், தெரிந்தே ஏற்ற பாத்திரம் என்றுதான் சொல்லி வந்திருக்கிறார். அவருக்காக இவர் ஏன் அவமானப்பட வேண்டும்? பாதுகாப்பு என்ற பேரில் நடிகையின் வேலையைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் ஒரு அவமரியாதைதான்.

பழைய டெஸ்க்:

ரோசலினி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, அம்மா. அந்த விமர்சனத்தின் பலவீனம் அதேதான்.

பூஜ்யம் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. அந்த விமர்சனத்தில் படத்தைவிடத் தியேட்டர்தான் அதிகம் வருகிறது. பக்கத்தில் இருந்த நரைத்த தலைக்காரர் ஒருவர் திரையில் நடக்கும் கொடுமையை ரசித்துக் குரல் கொடுத்துக்கொண்டிருந்ததை எழுதியிருக்கிறார். ஈபர்ட் திரையை மட்டும் பார்த்து மார்க் போடவில்லை, கூட உட்கார்ந்திருந்தவர்களையும் சேர்த்துப் போட்டார். அது முறையா என்று கேட்டால், முறை இல்லை. ஆனால் நாளிதழ்க்காரன் அப்படித்தான் எழுதுவான், ஊரோடு உட்கார்ந்து பார்க்கிறவன் அவன்.

லாம்ப்ஹவுஸ்:

முரண்பாடு பார்க்க ஆசைப்பட்டால் ஈபர்ட் எல்லாம் சாதாரணம். 'நியூயார்க் டைம்ஸ்' விமர்சகர் பாஸ்லி கிரௌதரை எடுங்கள். 1940-லிருந்து 67 வரை அவர் சொன்னதுதான் அங்கே சட்டம். சாதாரண மக்களின் வாழ்க்கையை அப்படியே காட்டிய இத்தாலிய நியோரியலிசப் படங்களை அமெரிக்கர்களைப் பார்க்க வைத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதே மனுஷன் 1958-ல் சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' ஹாலிவுட் எடிட்டர்கள் கையில் ரஃப் கட்டாக, அதாவது முதல்கட்டத் தொகுப்பாகக்கூடத் தேறுவது கஷ்டம் என்று எழுதினார். வேடிக்கை, அதே விமர்சனத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படத்தின் அழகுக்கும் மசிகிறார். படம் நியூயார்க்கில் மாதக்கணக்கில் ஓடியது.

1967-ல் 'பானி அண்ட் கிளைட்' வந்தபோது திரும்பத் திரும்பத் திட்டினார். சிகாகோவில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த இருபத்தைந்து வயதுப் பையன் அதே படத்துக்கு நாலு நட்சத்திரம் கொடுத்தான். பையன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த வருஷத் தொடக்கத்தில் கிரௌதர் இடத்தில் ரெனாட்டா ஆட்லர் உட்கார்ந்துவிட்டார்.

டப்பிங் மன்னன்:

'நோயிங்' பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கலயே.

பழைய டெஸ்க்:

அதற்கு எங்களிடம் பதில் இல்லை, மன்னா.

பின்வரிசை:

எல்லாருக்கும் நன்றி. இனி எண்ணைப் பார்க்கவில்லை. எதிலிருந்து படிக்கத் தொடங்கட்டும்?

பழைய டெஸ்க்:

'பதேர் பாஞ்சாலி'யில் தொடங்கும் ராயின் அபு முத்தொகுப்பைப் பற்றி ஈபர்ட் எழுதிய மகத்தான படங்கள் கட்டுரை நல்ல தொடக்கம். கிரௌதர் எழுதியதையும் தேடிப் பக்கத்தில் வைத்துப் படித்தால் இன்னும் நல்லது. 'பிரவுன் பன்னி'க்கு 2004 விமர்சனம் மட்டும் போதும், பழைய சண்டையையும் அதிலேயே சொல்லிவிடுகிறார். 'ப்ளூ வெல்வெட்'டை முதலில் பார்த்துவிட்டு அப்புறம்தான் விமர்சனம், மாற்றிச் செய்யாதீர்கள். 'அனகோண்டா'வை எந்த வரிசையில் வேண்டுமானாலும் பார்க்கலாம்.