அரை எச்.பி மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை: உதவி தேவை

மரப்பித்தன், வில்லிவாக்கம்:
சின்ன மரக்கடைசல் லேத்துக்காகப் பழைய சிங்கிள் பேஸ் மோட்டார் ஒன்று வாங்கினேன். அரை எச்.பி, 230 வோல்ட், 1440 ஆர்.பி.எம். டெர்மினல் பெட்டியில் நான்கு ஒயர், நிறமெல்லாம் வெளுத்துப் போச்சு. சுவிட்ச் போட்டால் உறுமுகிறதே தவிர சுற்றுவதில்லை. பெல்ட்டைக் கழற்றிவிட்டு புல்லியைக் கையால் தள்ளினால் ஓடுகிறது, தள்ளிய பக்கமே. ரிச்சி ஸ்ட்ரீட்டில் புது கண்டன்சர் வாங்கிப் போட்டும் அதேதான். காயில் போயிடுச்சா?

அம்பத்தூர் பிட்டர்:
கையால் தள்ளுவதை முதலில் நிறுத்துங்க, விரல் போயிடும். தள்ளிய பக்கம் ஓடுகிறது என்றால் ரன்னிங் காயில் நன்றாகத்தான் இருக்கிறது. ஸ்டார்ட்டிங் காயிலுக்குத்தான் கரண்ட் போகவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்டன்சரின் இரண்டு முனைக்கும் 100 வாட் குண்டு பல்பை வைத்து சார்ஜை இறக்குங்க. (ஸ்க்ரூ டிரைவரால் பொறி பறக்க விடுவது நம்மூர் வழக்கம். வேண்டாம்.) அப்புறம் நான்கு ஒயரையும் பிரித்து, மல்டிமீட்டரில் ஜோடி ஜோடியாகப் பாருங்க. ஓம்ஸ் குறைவாகக் காட்டும் ஜோடி ரன்னிங், அதிகம் காட்டுவது ஸ்டார்ட்டிங். பாடிக்கும் எந்த ஒயருக்கும் நடுவே ஒன்றும் காட்டக் கூடாது.

மரப்பித்தன்:
ஒரு ஜோடி 5 ஓம்ஸ். மற்ற இரண்டுக்கும் நடுவே ஒன்றுமே காட்டவில்லை. பாடியில் கசிவு இல்லை. ரீவைண்டிங் கடையில், காயிலை முழுசா புதுசாகச் சுத்தணும் என்கிறார்கள்.

அம்பத்தூர் பிட்டர்:
பார்க்காமலே சொல்லியிருப்பாங்க. ஸ்டார்ட்டிங் காயிலோடு சீரிஸாக உள்ளே ஒரு சென்ட்ரிபியூகல் சுவிட்ச் இருக்கும். மோட்டார் நிற்கும்போது அது சேர்ந்திருக்கும், முக்கால்வாசி வேகம் வந்ததும் பிரியும். மூடியைக் கழற்றி அதன் பாயின்ட்டைப் பாருங்க.

மரப்பித்தன்:
அதேதான் அண்ணா! இரண்டு பாயின்ட்டும் கரிக்கட்டை, நடுவில் பிசுக்கோடு மரத்தூள். நைஸ் எமரி தாளால் தேய்த்துத் துடைத்தேன், இப்போது 12 ஓம்ஸ். சுவிட்ச் போட்டதும் எடுத்துக்கொண்டது, கூடவே "டக்" என்று ஒரு சத்தம். ஆனால் தலைகீழாகச் சுற்றுகிறது, மரம் உளியைக் கீழே அழுத்தாமல் மேலே தூக்குகிறது.

அம்பத்தூர் பிட்டர்:
ஸ்டார்ட்டிங் ஜோடியின் இரண்டு முனைகளை மட்டும் இடம் மாற்றுங்க. பிளக்கில் பேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் பயனில்லை. மாற்றும்வரை மரம் மாட்டாதீங்க, தலைகீழ் ஓட்டத்தில், மரத்தைப் பிடிக்கும் தட்டு (ஃபேஸ்பிளேட்) மரை கழன்று வரும். அந்த "டக்" சென்ட்ரிபியூகல் சுவிட்ச் பிரியும் சத்தம், ஓரிரு நொடியில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் உடனே அணைச்சிடுங்க. ஸ்டார்ட்டிங் காயில் தொடர்ந்து கரண்ட் தாங்காது, பொசுங்கிவிடும். கண்டன்சரும் வெடிக்கலாம்.

கொரட்டூர் ஒயர்மேன்:
எர்த் பற்றி யாருமே பேசலையே? மோட்டார் பாடியிலிருந்து மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னுக்குப் பச்சை ஒயர் கட்டாயம். லைனில் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி (கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் பிரேக்கர்) போடுங்க. சாதா சுவிட்சில் விடாதீங்க தம்பி. கரண்ட் போய்த் திரும்ப வந்தால், உளி பக்கத்தில் கை இருக்கும்போதே லேத் தானாகக் கிளம்பிடும். நோ வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் வாங்குங்க. அதில் பச்சை பட்டனை மறுபடி அழுத்தினால்தான் ஓடும்.

மரப்பித்தன்:
முனை மாற்றியாச்சு, திசை சரி. எர்த் ஒயரே இல்லாமல்தான் வந்திருக்கிறது, இப்போது பாடி போல்ட்டில் பெயின்ட்டைச் சுரண்டி மாட்டிவிட்டேன். ஸ்டார்ட்டர் வரும்வரை மரம் ஏற்றப் போவதில்லை.