கெனியாம் – திரெங்கான் பாதை: எட்டுப் பேர், குகையில் ஓர் இரவு. எதைச் சுமப்பது, எதை வீட்டில் விடுவது?

கிள்ளான்காரி:

வணக்கம். ஜூலைக் கடைசியில் எட்டுப் பேராக மலேசியாவின் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குப் போகிறோம். கோலா தஹானிலிருந்து படகில் கோலா கெனியாம் போய், அங்கிருந்து நடந்து, கெப்பாயாங் பெசார் குகையில் இரவு தங்கி, மறுநாள் கோலா திரெங்கானில் படகு ஏறுவதாகத் திட்டம். மொத்தம் 13 கிலோமீட்டர் போல இருக்கும் என்கிறார்கள். உரிமம் உள்ள வழிகாட்டி ஒருவரைப் பேசியாகிவிட்டது.

அலுவலக நண்பர்கள் ஐந்து பேர், நான், என் தம்பி, அப்புறம் என் சின்னம்மா. சின்னம்மாவுக்கு 56 வயது. தினமும் பூங்காவில் நடப்பவர்தான், ஆனால் காட்டுக்குள் போனதில்லை. வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு பட்டியல் போடுகிறார்கள். ஒருவர் கூடாரம் வாங்கியே ஆகவேண்டும் என்கிறார். இன்னொருவர் அட்டைக்கென்று உப்பு மூட்டை கட்டுகிறார். தம்பிக்குப் புலிக் கவலை. போய் வந்தவர்கள், உண்மையில் எது தேவை என்று சொல்லுங்களேன்.

பழைய சப்பாத்து:

தங்கச்சி, முதலில் தம்பியைத் தூங்கச் சொல்லுங்கள். காட்டில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் நாடு முழுவதிலும் சேர்த்தே 150க்கும் குறைவு. பூங்காவோ பகாங், கிளந்தான், திரெங்கானு என்று மூன்று மாநிலத்தில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது. புலிக்கு இவன் வந்த சேதி தெரிவதற்குள் இவன் கிள்ளானில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருப்பான். பாதையில் யானைச் சாணத்தை மிதித்தால் மட்டும் பயப்படாமல் வழிகாட்டியிடம் காட்டட்டும். புதுசா பழசா என்று அவர் பார்த்துச் சொல்வார்.

அந்தக் காட்டில் ஆளைச் சாய்ப்பது ஈரம்தான். ஜூலையில் மழை குறைவு, சரி. ஆனாலும் சாயங்கால மழை எப்போது வேண்டுமானாலும் வரும். மழையே இல்லாவிட்டாலும் வேர்வை காயாது. காட்டுக்குள் காற்றுக்கே ஈரம். அதனால் பகலில் நனையாமல் தப்பிக்கப் பார்க்காதீர்கள், தாராளமாக நனையுங்கள். இரவில் போட ஒரு செட் உடை, ஒரு ஜோடி காலுறை, மெல்லிய போர்வை, இவை மட்டும் சொட்டு ஈரம் படாமல் இருக்கவேண்டும். கறுப்புக் குப்பைப் பையை இரண்டாகப் போட்டு, காற்றைப் பிதுக்கிவிட்டு முடிச்சுப் போட்டு, மூட்டையின் நடுவில் வையுங்கள். காலையில் எழுந்ததும் நேற்றைய நாற்றச் சட்டையையே திரும்பப் போடவேண்டும். உடம்பு கூசும். பாதிப் பேர் அங்கேதான் மனம் மாறி, காய்ந்த உடையிலேயே கிளம்பிவிடுவார்கள். ஓர் இரவுதானே, இனிமேல் எதற்கு என்று தோன்றும். யாருக்காவது கால் பிசகி, எல்லாரும் இன்னோர் இரவு உள்ளேயே தங்கும்படி ஆனால் அப்போது தெரியும் அது எதற்கென்று.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் கல்லாகக் கனக்கும், காய நாளாகும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் மலிவு ஜெர்சி போதும், ஆனால் கை நீளமாக இருக்கட்டும். பாதையோரம் பிரம்பு இருக்கும். அதன் முள் கொக்கி மாதிரி வளைந்தது. வழுக்கும்போது கை தானாக எதையாவது பிடிக்கும் பாருங்கள், அப்போது பிரம்பு அகப்பட்டால் கதை முடிந்தது. ரப்பர் பூசிய துணிக் கையுறை ஆளுக்கு ஒரு ஜோடி வாங்குங்கள்.

சப்பாத்து விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். கம்பத்துக் (கிராமத்துக்) கடைகளில் கிடைக்குமே கறுப்பு ரப்பர் சப்பாத்து, ‘அடிடாஸ் கம்போங்’ என்று கேலியாகச் சொல்வார்களே, அதுதான். என் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போட்டுக்கொண்டு போனது இதே சாதி. தண்ணீர் உள்ளே போனால் கவிழ்த்துக் கொட்டிவிட்டு நடக்கலாம். ஈர வேரில் அடிக்குமிழ்கள் நன்றாகப் பிடிக்கும். விலை உயர்ந்த மலையேற்றச் சப்பாத்து ஒருமுறை நனைந்தால் ஊர் திரும்பும்வரை காயாது.

உப்பைச் சோற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அட்டையின் வாய்ப்பக்கத்தை நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். உப்பு, நெருப்பு வைத்தால் அது குடித்ததைக் கடிவாய்க்குள்ளேயே கக்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க அது எதையோ செலுத்திவிடுவதால் கொஞ்ச நேரம் வடியத்தான் செய்யும், அழுத்திப் பிடியுங்கள். முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவு அட்டைக் காலுறை நல்ல செலவு.

குகைக்குள் கூடாரம் எதற்கு? கீழே விரிக்கக் கேன்வாஸ், அதன்மேல் மெல்லிய பாய், அவ்வளவுதான். சாப்பாட்டைத் தரையில் வைத்தால் எலி பங்கு கேட்கும், கயிற்றில் தொங்கவிடுங்கள். நெத்திலிச் சம்பல், அரிசி, மேகி, மைலோ. அதற்குமேல் சுமப்பவர் தானே சமைக்கட்டும்.

மழைக்கோட்டு:

அண்ணன் சொன்னதில் மற்றதெல்லாம் சரி, சப்பாத்து மட்டும் எல்லாருக்கும் ஒத்துவராது. எனக்கு அகலப் பாதம். ரப்பர் சப்பாத்தில் அரைநாளிலேயே குதிகாலில் கொப்புளம் வந்துவிட்டது. சின்னம்மா பூங்காவில் நடந்து பழகிய சப்பாத்தின் அடி இன்னும் தேயாமல் இருந்தால் அதையே போடட்டும். காட்டில் வைத்துப் புதுச் சப்பாத்தைப் பழக்கக்கூடாது. குகையில் வௌவால் நிறைய. எச்சத் தூசி பறக்கும். இழுப்பு உள்ளவர்கள் முகக்கவசம் வைத்திருங்கள், இல்லையென்றால் வெளியே தங்கும்படி வழிகாட்டியிடம் முன்னாலேயே பேசுங்கள்.

இரவு ஷிப்ட்:

வார்டில் வேலை செய்கிறவள் என்ற முறையில் ஒன்று. எலிச் சிறுநீர் நோயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஓடைத் தண்ணீர், சேறு, காலில் சின்னக் கீறல், இவ்வளவு போதும் அதற்கு. கீறலை மூடி ஒட்டுங்கள், தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடியுங்கள். திரும்பி வந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் டாக்டரிடம் காட்டுக்குப் போனதைச் சொல்லுங்கள். நிறையப் பேர் டெங்கி என்று நினைத்து இதைச் சொல்வதே இல்லை. முன்கூட்டியே மாத்திரை போடலாமா என்பதையும் டாக்டரிடமே கேளுங்கள். சின்னம்மாவுக்குப் பிரஷர் மாத்திரை இருந்தால் இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை நீங்கள் சுமங்கள்.

கிள்ளான்காரி:

எல்லாருக்கும் நன்றி. கூடாரம் வாங்குவதை நிறுத்திவிட்டேன். இதையெல்லாம் சின்னம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு அட்டை, எலி எதுவும் பொருட்டில்லை. கழிப்பறைக்கு என்ன செய்வது, தன்னால் எல்லாருக்கும் தாமதமாகுமா, இந்த இரண்டைத்தான் கேட்கிறார்.

பழைய சப்பாத்து:

நல்ல கேள்விகள். தண்ணீரிலிருந்து தள்ளிப் போய், சின்ன மண்வெட்டியால் ஒரு சாண் குழி தோண்டி, மூடிவிட வேண்டியதுதான். தாளைப் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். துணைக்கு ஒருவர் கூப்பிடு தூரத்தில் நிற்கட்டும். வெளியே சூரியன் இருந்தாலும் மரத்தடியில் ஆறரைக்கே இருட்டிவிடும், அதற்கு முன்பே போய் வந்துவிடுவது நல்லது.

தாமதம் பற்றி: சின்னம்மாவை வழிகாட்டிக்கு அடுத்த ஆளாக நடக்கவிடுங்கள். கடைசியில் விட்டால், முன்னால் போனவர்கள் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, இவர் வந்து சேர்ந்ததும் எழுந்து நடப்பார்கள். இவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. கடைசி ஆளாகத் தம்பியைப் போடுங்கள், புலியையும் பார்த்துக்கொள்வான். கோலா தஹானைத் தாண்டினால் போன் லைனை நம்பமுடியாது. மறுநாள் திரெங்கானில் எத்தனை மணி வரை காத்திருப்பார் என்று படகுக்காரரிடம் ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள். நீங்கள் கணக்குப் போட்டதைவிட இரண்டு மணி நேரம் கூடவே கேளுங்கள்.