அரசியல் த்ரில்லரும் நிஜ அரசுக் கோப்பும்: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோத்தகிரியில் ஒரு சின்ன வாசகர் வட்டம் நடத்துகிறோம். அடுத்த மாதம் அரசியல் த்ரில்லர் நாவல்களைப் பற்றிப் பேசப் போகிறோம். அதற்குத்தான் உங்கள் உதவி வேண்டும்.

கதைகளில் மந்திரி ஒரே ராத்திரியில் கையெழுத்துப் போடுகிறார், விடிந்தால் காடு ரிசார்ட் ஆகிவிடுகிறது. நிஜத்தில் 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி, வன நிலத்தை வேறு வேலைக்குத் தர மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். நம் நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தையே பாருங்கள். 2010-ல் மாநில அரசு அறிவித்தது, உயர் நீதிமன்றம் ஏறி, உச்ச நீதிமன்றம் ஏறி, 2020 அக்டோபரில்தான் உறுதியானது. பத்து வருஷம்! கூடலூர் காடுகளுக்காக 1995-ல் தொடுத்த கோதவர்மன் வழக்கோ, அடுத்த வருஷமே நாடு முழுக்கக் காடு என்ற சொல்லின் பொருளையே விரித்துவிட்டது. மெதுவானதோ வேகமானதோ, இந்த இழுபறியில்தான் உண்மையான பதற்றம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நாவல்கள் அதைத் தொடுவதே இல்லை.

கலெக்டர் அலுவலகத்திலோ தலைமைச் செயலகத்திலோ வனத்துறையிலோ வேலை பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்களா? ஒரு கோப்பு பிரிவு எழுத்தரிடம் தொடங்கி மேலே போகும் வழியில் எங்கே நிற்கும், யார் குறிப்பு எழுதினால் திரும்பி வரும் என்று சொல்லுங்கள். நேரில் வந்து பேச முடிந்தால் இன்னும் சந்தோஷம். அப்புறம், இதைச் சரியாக எழுதிய தமிழ் நாவல் எதையாவது படித்திருந்தால் அதன் பெயரையும் போடுங்கள்.