அடுத்த பருவம் யார் ஏறுவார், யார் இறங்குவார்? எக்செல் கணக்கு அதிகக் கோல் போட்டவர்களுக்கு மட்டும் தவறுகிறது, உதவி தேவை

செந்தூல் வேலன், கோலாலம்பூர்

வணக்கம். இங்கிலாந்துக் கால்பந்தின் பிரீமியர் லீக் தொடங்குமுன் எங்கள் செட்டில் எல்லாரும் ஃபேன்டஸி அணி கட்டுவோம், அதாவது நிஜ ஆட்டக்காரர்களைக் கற்பனைக் காசில் வாங்கி, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு. 100 மில்லியனுக்குள் 15 பேர், ஒரே குழுவிலிருந்து மூன்று பேருக்கு மேல் கூடாது. போன பருவத்தில் கோலாகப் போட்டுத் தள்ளியவர்களை எல்லாம் வாங்கினால் காசு தீர்ந்துவிடும். யார் அடுத்த பருவமும் அப்படியே ஆடுவார் என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு ஒரு எக்செல் தாள் போட்டிருக்கிறேன். கடைசி இரண்டு பருவக் கோல்களைக் கூட்டி, ஆடிய நிமிடங்களால் வகுத்து, ஒரு பருவத்தின் 38 முழு ஆட்டத்துக்குப் பெருக்குகிறேன். அவ்வளவுதான்.

பழைய பருவங்களில் ஓட்டிப் பார்த்தால் நடுத்தரமாகக் கோல் போட்டவர்களுக்குப் பரவாயில்லை. கோல் பட்டியலின் மேல்வரிசைதான் பிரச்சினை. சோன் ஹியுங் மின் 2020-21இல் 17 கோல், 2021-22இல் 23. தாள் 22 என்றது, 2022-23இல் அவர் போட்டது 10. ரேஷ்ஃபோர்ட் 2022-23இல் 17, அடுத்த பருவம் 7. ஹாலண்ட்கூட 36இலிருந்து 27க்கு வந்தார். தவறு இரண்டு பக்கமும் விழுந்தால் சரி என்று விட்டுவிடலாம். மேலே இருப்பவர்களுக்கு எப்போதும் கூட்டியே காட்டுகிறது.

கோலை விட்டுவிட்டு எக்ஸ்ஜி கணக்கை, அதாவது கிடைத்த வாய்ப்புகளின் தரத்துக்கு எத்தனை கோல் வந்திருக்க வேண்டும் என்ற கணக்கை, வைத்துப் பார்த்தேன். அது 2024-25க்கு டார்வின் நுனெஸைத் தூக்கி மேலே வைத்தது. முந்தின பருவம் வாய்ப்புகள் ஏராளம், கோல் 11தான், ஆகவே ஏறுவார் என்று. லீக்கில் வந்தது 5. கோளாறு சூத்திரத்திலா, தரவிலா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிறைக்காரன், பினாங்கு

தம்பி, பெருக்கல் வகுத்தலில் ஒன்றும் தப்பில்லை. கோல் எண்ணிக்கை முழுவதையும் திறமை என்று தாள் எடுத்துக்கொள்கிறது, அங்கேதான் இடிக்கிறது. ஒரு பருவத்தில் முதல் ஐந்து இடத்துக்குள் வந்தவருக்குத் திறமையும் இருக்கும், அந்த வருடம் எல்லாம் கூடியும் வந்திருக்கும். திறமை அடுத்த பருவத்துக்குக் கூட வரும், கூடி வந்தது வராது. நீ மேல்வரிசையை மட்டும் எடுக்கும்போது கூடி வந்தவர்களையே பொறுக்கி எடுக்கிறாய். கீழ்வரிசையையும் ஒருமுறை பார், அங்கே தாள் குறைத்துச் சொல்லியிருக்கும்.

முதலில் பினால்டியைத் தனியாக எடுத்து வை. நான்கில் மூன்றுக்குச் சற்று மேலாகவே பினால்டி கோலாகிவிடும். ஒரு வருடம் எத்தனை பினால்டி கிடைக்கும் என்பது அடிப்பவர் கையில் இல்லை. செல்சியின் பால்மர் 2023-24இல் 22 கோல், அடுத்த பருவம் 15. விழுந்துவிட்டார் என்று எல்லாரும் சொன்னார்கள். அந்த 22இல் 9 பினால்டி, 15இல் 4. கழித்துப் பார்த்தால் 13, அப்புறம் 11. இதை வீழ்ச்சி என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது, சராசரியை நோக்கி இழுப்பது. பெரிய லீக்குகளில் ஏறக்குறைய பத்து ஷாட்டுக்கு ஒரு கோல் விழுகிறது. ஒருவர் 80 ஷாட்டில் 16 கோல் போட்டார் என்று வைத்துக்கொள், அது 20 விழுக்காடு. அப்படியே நம்பாதே. சராசரியாக அடிக்கும் ஒருவரின் 100 ஷாட்டை, அதாவது 10 கோலை, அவர் கணக்கில் சேர். 180 ஷாட்டுக்கு 26 கோல், 14.4 விழுக்காடு. அடுத்த பருவமும் 80 ஷாட் அடித்தால் 11 அல்லது 12 கோல் வரும். உன் தாள் 16 என்று சொல்லிக்கொண்டிருக்கும். அந்த 100 என்பது நான் உதாரணத்துக்குச் சொன்ன எண், உன் தரவில் எது பொருந்துகிறது என்று நீயே ஓட்டிப் பார்க்க வேண்டும். ஷாட் எண்ணிக்கையை இவ்வளவு இழுக்கத் தேவையில்லை. நிறைய ஷாட் அடிப்பவர் அடுத்த பருவமும் நிறைய அடிப்பார், அது எளிதில் மாறாது.

தரக்கட்டுப்பாடு மீனா, பாயான் லெப்பாஸ்

பிறைக்கார அண்ணன் சொன்னது சரி. எங்கள் தொழிற்சாலையில் ஒரு ஷிப்டில் பழுதில்லாத பொருள் மிக அதிகமாக வந்தால் மறு ஷிப்ட் பெரும்பாலும் இறங்கும், யாரும் எந்தத் தவறும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் நுனெஸ் விஷயம் வேறு தம்பி. 2024இல் அவருடைய லிவர்பூல் குழுவில் பயிற்சியாளர் கிளாப் போய் ஸ்லாட் வந்தார். நுனெஸ் பல ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரராகவே இறங்கினார். நிமிடம் இல்லாவிட்டால் எக்ஸ்ஜி எங்கிருந்து வரும்? உன் தாள் எல்லாருக்கும் 38 முழு ஆட்டம் கொடுக்கிறது. தரவைக் குறை சொல்லாதே, அந்த 38ஐ முதலில் எடு.

நிமிடத்துக்கு ஒரு பத்தி, 90 நிமிடத்துக்கு எத்தனை கோல் என்பதற்கு இன்னொரு பத்தி என்று பிரித்துவிடு. இரண்டில் கடினம் நிமிடம்தான். காயம், புதுப் பயிற்சியாளர், அதே இடத்துக்கு வாங்கப்பட்ட புது ஆள் என்று எதுவும் அதைக் கெடுக்கலாம். ஸ்வான்சியின் மீச்சு 2012-13இல் 18 லீக் கோல், அடுத்த பருவம் கணுக்கால் காயம், 2 கோல். அவருடைய ஷாட்டை எவ்வளவு அலசினாலும் அது தெரிந்திருக்காது.

வயதுக்கு இன்னொரு எச்சரிக்கை. வார்டி 33 வயதில் 23 கோலோடு 2019-20இல் அதிகக் கோல் போட்டவருக்கான தங்கக் காலணியை வாங்கினார். கிறிஸ் வுட்டும் 33 வயதில், 2024-25இல், 20 கோல் போட்டார். இவர்களைப் பார்த்து வயது ஒன்றும் செய்யாது என்று நினைக்கத் தோன்றும். இறங்கிப்போனவர்கள் இடத்தை இழந்து உன் தாளை விட்டே வெளியேறியிருப்பார்கள், மிஞ்சியவர்களைத்தான் நீ பார்க்கிறாய். சோதிக்கும்போது அடுத்த பருவம் காணாமல் போனவர்களை நீக்காதே. காயம், பெஞ்ச் என்றால் நிமிடம் சுழியம் என்று போட்டு வை. 2023இல் ஜெர்மனியின் பயர்ன் குழுவுக்குப் போன கேன் மாதிரி நன்றாக ஆடி லீக் மாறியவர்களுக்கு மட்டும் தனிக் குறி போடு.

சிட்டி ஸ்டேடியம் ரசிகன், ஜார்ஜ்டவுன்

இதை நம் மலேசிய சூப்பர் லீக்குக்கும் போட முடியுமா? எங்கள் பினாங்குக் குழுவுக்கு ஒன்று செய்ய ரொம்ப நாளாக ஆசை.

பிறைக்காரன்

போடலாம், ஆனால் இன்னும் பலமாக இழுக்க வேண்டும். ஆட்டங்கள் 38 இல்லை, இருபத்துச் சொச்சம்தான். கோல் போடும் இறக்குமதி ஆட்டக்காரர்கள் வருடா வருடம் மாறுகிறார்கள். ஜோகூரின் ஜேடிடி குழு 2014இலிருந்து விடாமல் லீக்கை வென்று வருகிறது, அதனால் அவர்களுக்கு எதிராகப் போட்ட கோலையும் கடைசிக் குழுவுக்கு எதிராகப் போட்ட கோலையும் ஒன்றாக எண்ணவே கூடாது. ஷாட்டை நீங்களே முழு ஆட்டக் காணொளி பார்த்து எண்ண வேண்டியிருக்கும்.

பினாங்கின் ஃபைஸ் சுப்ரி 2016 பிப்ரவரியில் உங்கள் சிட்டி ஸ்டேடியத்தில் அடித்த ஃப்ரீ கிக்குக்கு, ஆண்டின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதே கிடைத்தது. பந்து வளைந்த திசையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது. கணக்கில் அது ஒரு ஷாட், ஒரு கோல். அடுத்த வருடமே, 2017இல், பினாங்குக் குழு லீக்கில் கடைசி இடத்தில் முடித்தது.

செந்தூல் வேலன்

அண்ணே, அக்கா, ரொம்ப நன்றி. பினால்டியைக் கழித்து, 100 ஷாட் சேர்த்து, நிமிடத்தைப் பிரித்துவிட்டேன். மேல்வரிசைப் பிழை பெருமளவு இறங்கிவிட்டது. சோன் இப்போது 15ஐ ஒட்டி வருகிறார். உண்மையில் வந்தது 10தானே, இன்னும் இழுக்கவா?

தரக்கட்டுப்பாடு மீனா

வேண்டாம். ஒரே ஒருவருக்காகச் சூத்திரத்தைத் திருகினால் மற்றவர்கள் எல்லாரும் கெடுவார்கள். சோன் இரண்டு காலாலும் ஒரே மாதிரி அடிப்பவர், பல பருவங்களாக எக்ஸ்ஜியைவிடக் கூடுதலாகவே கோல் போட்டவர். அப்படிப்பட்டவரை லீக் சராசரிக்கு இழுப்பதைவிட அவருடைய சொந்த நீண்டகாலச் சராசரிக்கு இழுப்பதே நியாயம். அப்படிச் செய்தால் எண் இன்னும் கொஞ்சம் ஏறும். 2022 நவம்பரில் கண்ணருகே எலும்பு முறிந்து முகக்கவசம் போட்டு ஆடினார். அதை எந்தத் தாளும் முன்கூட்டிச் சொல்லாது. அவர் 2023-24இல் மறுபடி 17க்கு ஏறினார் என்பதையும் பார்.

ஒரே எண்ணாகச் சொல்லாமல் 10 முதல் 20 வரை என்று வரம்பாகக் காட்டு. வாங்கும்போது நடு எண்ணை விலையோடு ஒப்பிடு, கீழ் எண்ணைப் பார்த்து அந்த அளவு நட்டத்தை உன் அணி தாங்குமா என்று முடிவு செய்.

இன்னொன்று. 100 என்ற எண்ணை எந்தப் பருவங்களை வைத்துப் பொருத்தினாயோ அதே பருவங்களில்தான் பிழை இறங்கியதையும் பார்த்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். 2021 வரையிலான பருவங்களை வைத்து எண்ணைத் தேர்ந்தெடு, அதற்குப் பிந்தியவற்றில் சோதித்துப் பார். அங்கேயும் பிழை இறங்கினால் இந்த வருடம் அதை நம்பி அணி கட்டலாம்.

செந்தூல் வேலன்

ஆமாம் அக்கா, எல்லாப் பருவத்தையும் சேர்த்தேதான் ஓட்டினேன். இன்று இரவே பிரித்து ஓட்டிவிட்டு, பழைய பிழையையும் புதுப் பிழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கே போடுகிறேன்.