3 வருஷ சிங்கிள் மால்ட்: இளசா, விளையாததா?

கொழிஞ்சாம்பாறை செல்வா:
ஸ்காட்லாந்துல வேலை பாக்கற மச்சான் ஓணத்துக்கு வந்தப்ப ஒரு சிங்கிள் மால்ட் விஸ்கி பாட்டில் கொண்டாந்தானுங்க. முளைகட்டின பார்லிய வெச்சு ஒரே வடிசாலைல வடிக்கறதுதான் சிங்கிள் மால்ட். புது வடிசாலையோட முதல் வெளியீடு. பீப்பாய்ல 3 வருஷம், ஆல்கஹால் 46%. வைக்கோல் நிறம். மூக்குகிட்ட கொண்டு போனதும் எங்கம்மா ராகிய முளைகட்டி மொட்டைமாடில காயப்போடற வாசம். அப்பறம் பச்சைப் பேரிக்கா. விழுங்கறப்ப காரம் இருக்குது, நாலு சொட்டு தண்ணி விட்டதும் இனிப்பு மேல வந்துருச்சு. நான் குடிச்ச எந்த 12 வருஷ பாட்டில்லயும் இந்தத் தானிய வாசம் கெடைக்கலீங்க. வயசு கம்மின்னு ஒதுக்காதீங்க.

வாளையார் ராஜு:
தம்பி, அந்தக் காரம்தான் என் புகாரே. அங்க சட்டப்படி 3 வருஷமாவது ஓக் பீப்பாய்ல இருந்தாத்தான் விஸ்கின்னு பேர் போடலாம். கெடு முடிஞ்ச கையோட பாட்டில்ல அடைச்சு, முதல் வெளியீடுன்னு வெலையும் ஏத்திர்றாங்க. விளையறதுக்கு முன்னாடி அறுத்த நெல்லு அது.

செல்வா:
புதுசா ஆரம்பிக்கறவங்க 12 வருஷம் வருமானமில்லாம எப்படிங்கண்ணா காத்திருப்பாங்க? ஸ்காட்லாந்து ஐலே தீவுல இருக்கற கில்ஹோமன் வடிசாலை 2005ல வடிக்க ஆரம்பிச்சு, 2009ல 3 வருஷ சரக்கோடதான் வந்தாங்க. தைவான் கவலான் 2006ல ஆரம்பிச்சது. 2015ல வேர்ல்டு விஸ்கீஸ் அவார்ட்ஸ்ல உலகத்துலயே சிறந்த சிங்கிள் மால்ட்னு பரிசு வாங்குச்சு. நம்ம பெங்களூர் அம்ருதும் இளசுதான்.

ராஜு:
கவலானும் அம்ருதும் சூட்டு ஊர்ச் சரக்கு. பெங்களூர்ல பீப்பாய்லருந்து வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல ஆவியாப் போகுது, ஸ்காட்லாந்துல 2 சதவீதம்தான். மரத்தோட சாரம் இங்க வேகமா எறங்கும். உன் பாட்டில் குளிர்ல கெடந்த 3 வருஷம். அதுக்கு இந்த ரெண்டையும் சாட்சிக்குக் கூப்பிடாத.

செல்வா:
அது சரிங்கண்ணா, ஒத்துக்கறேன். அந்த உதாரணம் பொருந்தாது. ஆனா நான் குடிச்சது நல்லா இருந்துச்சுங்கறது மாறல. சித்தூர்த் தோப்புல காலைல எறக்கற கள்ளு இனிக்குது, சாயங்காலம் புளிக்குது. காலைக் கள்ளு விளையலைன்னு யாராச்சும் சொல்றமா?

ராஜு:
கள்ளு அன்னன்னிக்குக் குடிக்கறது. இது பீப்பாய்ல வெச்சுக் குடிக்கறதுக்குன்னே காய்ச்சறது. ரெண்டையும் ஒரே தராசுல வெக்காத.

மீனாட்சிபுரம் தேவி:
ரெண்டு பேரும் வயசையே பேசறீங்க. இளசுல வடிச்சவங்க கை தெரியும், மரம் அத மூடிருக்காது. வடிக்கறப்ப முதல்ல வர்றதையும் கடைசில வர்றதையும் ஒதுக்கிட்டு நடுவுல வர்றத மட்டும் எடுக்கோணும். ஆவி செப்புப் பாத்திரத்துல நல்லாப் பட்டாத்தான் கந்தக வாடை கொறையும். செல்வாண்ணா, ஊத்தி இருவது நிமிஷம் விட்டுப் பாத்தீங்களா? வேகவெச்ச முட்டைக்கோஸ் வாடை, ரப்பர் வாடை ஏதாச்சும் வந்துச்சா?

செல்வா:
அரை மணி நேரம் வெச்சேன். அப்படி எதுவும் இல்லீங்க. ராகி வாசம்தான் கூடுச்சு.

தேவி:
அப்ப வடிச்சது சுத்தம். காரம் 46 சதவீதத்தோடது, தண்ணில அடங்கிருச்சு. எனக்கு இது விளையாத நெல்லாத் தெரியல.

ராஜு:
சுத்தமா வடிச்சிருக்காங்கன்னா சரி, அந்த மரியாதைய நான் கொறைக்கல. ஆனா காத்துப் பட்டுப் பட்டு பீப்பாய்க்குள்ள நடக்கற மாத்தம் பத்து வருஷம் கழிச்சு நாக்குல தெரியும், அவங்க கேக்கற காசுக்கு அத நான் விட்டுத்தர மாட்டேன். மிச்சம் இருக்கா?

செல்வா:
பாதி இருக்குதுங்க.

ராஜு:
மூடிய இறுக்கி வை. ஞாயித்துக்கிழமை என் 12 வருஷத்தோட வர்றேன். எது எதுன்னு சொல்லாம தேவியே ஊத்தட்டும்.