மறுமொழி: ‘மண்புழு நீர்’ என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று நீர்

அன்புள்ள நண்பர்களுக்கு,

மண்புழு உரம் தயாரிக்கும்போது கிடைக்கும் மூன்று நீர்களுக்குத் தமிழ்ப் பேர் தேடும் நம் பேச்சில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது. புழுப்படுக்கையில் தண்ணீரைச் சொட்டவிட்டு அலசி எடுப்பது வெர்மிவாஷ், போட்ட கழிவிலிருந்து தானாக வடிவது லீச்சேட், தயாரான உரத்தை ஊறவைத்து எடுப்பது மூன்றாவது.

> வெர்மிவாஷ், லீச்சேட் இரண்டும் புழுத்தொட்டியிலிருந்து வருபவைதானே. ‘மண்புழு நீர்’ என்று ஒன்றையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொண்டதன் பலனை என் கத்தரிச் செடிகள் அனுபவித்துவிட்டன. மூன்றாவது மாடி பால்கனியில் இரண்டு பெயிண்ட் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகிப் புழு வளர்க்கிறேன். மேல் வாளியின் அடியில் துளை. கீழ் வாளியில் கறுப்பாகத் தண்ணீர் இறங்கும். மண்புழு நீர் செடிக்கு அமிர்தம் என்று எங்கோ படித்ததை நம்பி, அதை அப்படியே வேரில் ஊற்றினேன். நாலாம் நாள் இலையோரமெல்லாம் கருகித் தொங்கிவிட்டது. படித்தது வெர்மிவாஷைப் பற்றி, ஊற்றியது லீச்சேட்டை.

வெர்மிவாஷுக்கு அடியில் குழாய் வைத்த டிரம் வேண்டும். உடைத்த செங்கல், அதன்மேல் மணல், அதற்கும் மேல் புழுவோடு மண், சாணம், வைக்கோல். மேலே துளையிட்ட பானையைக் கட்டி இரவெல்லாம் சொட்டவிட்டால், புழு குடைந்த வளைகள் வழியே தண்ணீர் இறங்கும். புழுவின் மேலுள்ள வழுவழுப்பையும் எச்சத்தின் சத்தையும் அலசிக்கொண்டு காலையில் இளம் பழுப்பாகக் குழாய்க்கு வந்துசேரும். பத்து மடங்கு தண்ணீர் கலந்து தெளிப்பார்கள். லீச்சேட் வேறு சங்கதி. புழுவுக்குப் போடும் காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீர்தான். மக்கியதும் மக்காததுமாக அது வடிந்து தேங்குவது. மூக்கே சொல்லிவிடும்.

> ‘மண்புழுக் குளியல் நீர்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

இருக்கிறது. எனக்கென்னவோ குளியல் என்றதும் சோப்புதான் நினைவுக்கு வருகிறது. அரிசி களைந்த தண்ணீரில் சத்து இருக்கிறது என்று அதைக் கொட்டாமல் மாட்டுக்கு வைத்தவர்கள் நாம். அதற்குக் ‘கழுநீர்’ என்று பேரும் வைத்திருக்கிறோம். கழுவியதாலேயே சத்தேறிய நீர், வெர்மிவாஷும் அதுதானே! வெறும் கழுநீர் என்றால் மட்டும் குழப்பம். பாட்டிலில் அப்படி எழுதி ஒட்டியிருந்தேன். ஊரிலிருந்து வந்த அத்தை பார்த்துவிட்டு, “மூணாவது மாடியில எந்த மாட்டுக்குடா இது?” என்றார். ஆகவே புழுக்கழுநீர்.

‘நாங்கூழ்க் கழுநீர்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். நாங்கூழ் என்றால் மண்புழு. மாணிக்கவாசகர் திருவாசகத்தில் ‘எறும்பிடை நாங்கூழ்’ என்று பாடிய சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் உரக்கடையில் போய் நாங்கூழ் என்று கேட்டுப் பாருங்கள், கம்பங்கூழ் விற்கும் வண்டிக்கு வழி சொல்வார்கள். மண்புழுவின் இன்னொரு பேரான நாக்குப்பூச்சியும் உதவாது, வயிற்றிலிருக்கும் புழுவுக்கும் அதே பேர்.

லீச்சேட்டுக்கு நான் முன்வைப்பது ‘அழுகுநீர்’. ‘கசிவுநீர்’ என்று முன்பே சொன்னவர்கள் மன்னிக்கவும். கசிவுநீர்க் குட்டை என்று நிலத்தடி நீரைப் பெருக்க வெட்டுகிறோம். அது நல்ல சேதிக்குரிய சொல், அப்படியே இருக்கட்டும்.

> அழுகுநீர் என்றால் தொட்டியே அழுகிவிட்டது என்று தொனிக்காதா?

தொனிக்கட்டும், அதற்குத்தான் அந்தச் சொல். சரியான ஈரத்தில் இருக்கும் தொட்டியில் வடிவதற்கு அநேகமாக ஒன்றும் இருக்காது. படுக்கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், அவ்வளவுதான். ஒழுகினால் தோலைக் குறைத்து, கிழித்த செய்தித்தாளோ தென்னை நார்க்கழிவோ சேர்க்க வேண்டும். பேரைப் படித்ததுமே தொட்டியைக் கவனிக்கத் தோன்றினால் நல்லதுதானே?

மூன்றாவதாக, தயாரான உரத்தைத் துணியில் கட்டித் தண்ணீரில் போட்டு, மீன்தொட்டி மோட்டாரால் ஒரு நாள் காற்றூட்டி எடுப்பது. ஆங்கிலத்தில் இதைத் தேநீர் என்கிறார்கள். நமக்கு அது வேண்டாம், யாராவது குடித்துவைப்பார்கள். ‘உர ஊறல்’ எனக்குச் சரியாகப் படுகிறது. சிக்கல் என்னவென்றால் செய்தித்தாளில் ஊறல் வருவதெல்லாம் போலீஸ் அழித்த சாராய ஊறலாகத்தான். அதிலும் நம்மவர்கள் வெல்லம் வேறு போடுகிறார்கள்!

‘ஊறுநீர்’ என்று மாற்றினால் இந்த வாடை போகுமா? நாவில் அவ்வளவாக ஒட்டவில்லை. உங்கள் பக்கத்தில் நாட்டு மருந்தை இரவெல்லாம் தண்ணீரில் போட்டு வைப்பதற்கு வேறு பேர் இருந்தால் எழுதுங்கள்.