தொழிற்பேட்டை ஊர்களில் எளியவர்களுக்கு வீடு: உள்ளாட்சியால் என்ன செய்ய முடியும்?

கேள்வி
எழுதியவர்: ஒரகடம் வார்டு உறுப்பினர்

அனைவருக்கும் வணக்கம். சென்னைக்கு அருகே, ஒரகடம் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கிராம ஊராட்சியில் வார்டு உறுப்பினராக இருக்கிறேன். கார் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் வந்த பிறகு எங்கள் பகுதியில் வேலைக்குக் குறைவில்லை. அந்த வேலையைச் செய்பவர்கள் குடியிருக்கத்தான் இடமில்லை. நெல் விளைந்த நிலங்களில் வரிசை வரிசையாக லைன் வீடுகள் எழும்பியிருக்கின்றன. வீட்டுக்கு இவ்வளவு என்றிருந்த வாடகை தலைக்கு இவ்வளவு என்று மாறிவிட்டதால், ஐந்தாறு பேர் சேர்ந்து தங்கும் வெளியூர்த் தொழிலாளர்களுக்கு ஈடாக வாடகை கொடுக்க முடியாமல், ஒற்றைச் சம்பளத்தில் பிள்ளைகளை வளர்க்கும் உள்ளூர்க் குடும்பங்கள் வாலாஜாபாத் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கின்றன.

கிராம சபை கூடும்போதெல்லாம் வீடு எப்போது கிடைக்கும் என்றே கேட்கிறார்கள். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. ஆனால் அதைப் பெறக் குடிசையும் சொந்த மனையும் இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் அந்தப் பட்டியலுக்குள் வரவே வழியில்லை. மேலிருந்து திட்டம் வரும்வரை காத்திருப்பதைத் தவிர, ஊராட்சியோ நகராட்சியோ தன் அதிகார வரம்புக்குள் செய்யக்கூடியது என்ன என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற நகரமைப்பாளர்

உறுப்பினர் அவர்களுக்கு வணக்கம். முதலில் அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம் நகரத் திட்டமிடலையும் குடிசைப் பகுதி மேம்பாட்டையும் நகர உள்ளாட்சிகளுக்கு உரிய பணிகளாகப் பன்னிரண்டாம் அட்டவணையில் சேர்த்தது. ஆயினும் தமிழ்நாட்டில் நிலப் பயன்பாட்டையும் பெரிய மனைப்பிரிவுகளையும் முடிவு செய்வது நகர ஊரமைப்பு இயக்ககமும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும்தான். அடுக்குமாடி வீடு கட்டுவது வீட்டுவசதி வாரியத்தின் பணியாகவும், 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021இல் பெயர் மாறிய நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் பணியாகவும் இருக்கிறது. பட்டா வருவாய்த் துறையிடம் இருக்கிறது. ஆகவே ஊராட்சி வீடு கட்டித் தரும் என்று மக்களிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆனால் வீட்டின் விலையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் செங்கல்லும் சிமெண்டும் அல்ல, மனைதான். மனை விஷயத்தில் உள்ளாட்சிக்கு ஒரு பிடி உண்டு. அதைப் பெரும்பாலான ஊராட்சிகள் பயன்படுத்துவதே இல்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைப் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான சிறு மனைகளாகப் பிரிக்க வேண்டும், அவற்றை ஒன்றாக இணைத்துப் பெரிய மனையாக்கக் கூடாது என்று 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் கூறுகின்றன. வரைபடத்தில் அந்தச் சிறு மனைகள் ஒழுங்காகவே இருக்கும். பிறகு ஒரே குடும்பத்தார் அடுத்தடுத்த நான்கு மனைகளை வெவ்வேறு பெயர்களில் வாங்கி, நடுவே சுவரில்லாமல் ஒரே வீடாகக் கட்டிவிடுவார்கள். அதை நேரில் காணக்கூடிய ஒரே அமைப்பு ஊராட்சிதான். கட்டட அனுமதியும் வீட்டு வரி விதிப்பும் அங்கேதான் நடக்கின்றன.

சிறு மனை என்றவுடன் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பதால் ஒரு பழைய கதையையும் சொல்லிவிடுகிறேன். உலக வங்கிக் கடனுடன் 1977இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களிலும், அடுத்த கட்டமாக முகப்பேரிலும், வீடு கட்டித் தராமல் சாலை, குடிநீர், கழிவுநீர் வசதியுடன் மனைகளை மட்டும் கொடுத்தார்கள். பெரிய மனைகளையும் கடைகளுக்கான மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்த வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கான சிறு மனைகளின் விலையைக் குறைத்தார்கள். மக்கள் முதலில் ஓர் அறை, பணம் சேர்ந்ததும் அடுத்த அறை, பிள்ளைக்குத் திருமணம் என்றால் மாடி என்று கட்டிக்கொண்டார்கள். அன்று ஊருக்கு வெளியே கிடந்த பொட்டல் என்று ஏளனம் செய்யப்பட்ட அந்த இடங்கள், பலதரப்பட்ட வருமானமுள்ளவர்கள் கலந்து வாழும் நகர்ப்பகுதிகளாகிவிட்டன. முதலில் மனை பெற்றவர்களில் ஒரு பகுதியினர் விற்றுவிட்டுப் போனார்கள் என்பதும் உண்மைதான். அதற்காகத் திட்டமே தோற்றது என்று அக்காலத்தில் அவசரப்பட்டு எழுதியவர்களோடு நான் உடன்படவில்லை.

பதில் 2
எழுதியவர்: பெரும்பாக்கம் தன்னார்வலர்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சென்னையின் தெற்கு விளிம்பில், கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகளும் பெரும்பாக்கத்தில் 20,000க்கும் மேற்பட்ட வீடுகளும் கட்டப்பட்டிருக்கின்றன. வீடுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பெரிய சாதனைதான். ஆனால் சென்னையின் நடுவே, கூவம், அடையாறு ஆற்றங்கரைகளில் வாழ்ந்தவர்களை அங்கே குடியேற்றியபோது, வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கும் சந்தையில் சுமை தூக்கிய ஆண்களுக்கும் வேலை நகரத்திலேயே நின்றுவிட்டது. பிள்ளைகள் பழைய பள்ளிக்குப் போக அதிகாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. பயணச் செலவையும் நேரத்தையும் கணக்கிட்டுப் பார்த்த பலர், வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடியும் நகருக்குள் வாடகைக்குப் போனார்கள். ஆகவே உங்கள் ஊரில் "இங்கே நிலம் விலை அதிகம், இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே கட்டுவோம்" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கிராம சபைத் தீர்மானத்திலேயே மறுத்துவிடுங்கள்.

இன்னொன்று பராமரிப்பு. மின்தூக்கி பழுதானால் எட்டாவது மாடியில் இருக்கும் மூதாட்டி கீழே இறங்க முடியாது. கட்டடம் வாரியத்துடையது, குப்பையும் தெருவிளக்கும் உள்ளாட்சியுடையவை, குடிநீர் வேறோர் அமைப்புடையது என்று பொறுப்பு சிதறிக்கிடந்தால் குடியிருப்பவர் யாரிடம் போய் நிற்பார்? அடுக்குமாடித் திட்டம் வந்தால், சாவி கொடுக்கும் முன்பே இதை எழுத்தில் பெற்றுவிட வேண்டும்.

பதில் 3
எழுதியவர்: லைன் வீட்டுக்காரர்

எல்லோரும் சொந்த வீட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குச் சொந்தமாகப் பன்னிரண்டு லைன் வீடுகள் இருக்கின்றன. என்னிடம் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் இந்த ஊரில் மனை வாங்க விரும்பவே இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த ஊருக்குப் போகிறவர்கள் அவர்கள். பக்கத்து வல்லம் வடகாலில், தொழிற்பேட்டைகளை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்ததே, அதுவும் வீட்டுவசதிதான். இப்படி ஒரு விடுதி நிரம்பும்போது ஊருக்குள் அத்தனை பேருக்கான வாடகை நெருக்கடி குறைகிறது. குடும்பத்தோடு வருபவர்களுக்குத்தான் இப்படி ஒன்றும் இல்லை.

லைன் வீடுகளை முறைப்படுத்த வேண்டும் என்று ஊராட்சியில் பேச்சு எழும்போதெல்லாம் எங்களுக்கு அச்சமாக இருக்கிறது. நான்கு வீட்டுக்கு ஒரு கழிப்பறை என்பது தவறுதான். ஆனால் கழிவுநீர்க் குழாயே இல்லாத தெருவில், லாரிக்குப் பணம் கொடுத்துத் தொட்டியைக் காலி செய்யும் செலவும் வாடகையில்தான் சேருகிறது. ஊராட்சி குடிநீரும் வடிகாலும் கொடுத்த பிறகு எங்களிடம் தரத்தைக் கேட்கட்டும். அப்போது நாங்கள் மறுக்க நியாயமில்லை. முன்பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்கிறது. "வேறு உடன்பாடு" என்ற அந்த ஒரு சொற்றொடரை வைத்துக்கொண்டுதான் இங்கே பத்து மாத அட்வான்ஸ் தொடர்கிறது.

மறுமொழி
எழுதியவர்: ஒரகடம் வார்டு உறுப்பினர்

விளக்கங்களுக்கு நன்றி. லைன் வீட்டுக்காரர் சொல்வதில் உள்ள நியாயத்தை ஏற்கிறேன். வடிகாலை முதலில் கேட்கும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் வைப்பேன். நகரமைப்பாளர் ஐயாவிடம் இரண்டு ஐயங்கள். எங்கள் ஊரில் மேய்க்கால் புறம்போக்கும் ஏரிப் புறம்போக்கும் கணிசமாக உள்ளன. அவற்றை வீட்டுமனைக்குக் கேட்கலாமா? புதிய மனைப்பிரிவுகள் தொடர்ந்து வரும் நிலையில், முன்கூட்டியே நிலத்தை ஒதுக்கி வைக்க வேறு வழி உண்டா?

பதில் 4
எழுதியவர்: ஓய்வுபெற்ற நகரமைப்பாளர்

ஏரிப் புறம்போக்கைத் தொடவே வேண்டாம். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா வழங்க நீதிமன்றமும் விடாது. 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட பாட்டை உங்கள் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஏழைகளுக்கு மலிவாகக் கிடைக்கும் நிலம் என்று பள்ளத்தைக் காட்டுவது மிகவும் கொடுமையானது. மேய்க்கால் நிலத்தை வகைமாற்றம் செய்ய மாவட்ட ஆட்சியர் வழியாகக் கோரலாம். ஈடாக வேறு நிலம் காட்டச் சொல்வார்கள், ஆண்டுகள் பிடிக்கும். கால்நடை வளர்ப்போரையும் கேட்டுவிட்டுத் தீர்மானம் போடுங்கள்.

இரண்டாவது ஐயத்துக்கு அகமதாபாத்தைப் பார்ப்பது பயன்படும். குஜராத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பகுதியின் நிலங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து, சாலைக்கும் பூங்காவுக்கும் பள்ளிக்கும் இடம் எடுத்துக்கொண்டு, மீதியை ஒழுங்கான மனைகளாக உரிமையாளர்களுக்கே திருப்பித் தருகிறார்கள். அதே திட்டத்தில் 10 விழுக்காடு வரை நலிந்த பிரிவினரின் வீட்டுவசதிக்கு ஒதுக்கவும் சட்டம் இடமளிக்கிறது. நிலம் குறைந்தாலும் சாலை வசதியால் மதிப்பு உயர்வதால் உரிமையாளர்களை இணங்க வைக்க முடிகிறது. தமிழ்நாட்டிலோ பெரிய கட்டடங்களிடமிருந்து, ஏழைகளின் வீட்டுவசதிக்கென்று உறைவிடக் கட்டணம் வசூலிக்கிறார்கள்; அந்தப் பணம் வேறெங்கோ வீடாகலாம், உங்கள் ஊரில் மனையாகாது. சென்னைப் பெருநகர எல்லை 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டிருக்கிறது. எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டங்களுக்கு ஆட்சேபமும் கருத்தும் கேட்கும்போது, தொழிற்சாலைக்கு அருகில் குடும்பங்களுக்கான வாடகை வீடுகளுக்கும் சிறு மனைகளுக்கும் இடம் குறிக்கக் கோரி ஊராட்சித் தீர்மானத்தோடு எழுதுங்கள். தனிமனிதரின் மனுவுக்கும் தீர்மானத்துக்கும் எடை வேறு.

அதுவரை காத்திருக்காமல் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற பெரிய மனைப்பிரிவுகள் அனைத்தின் வரைபடங்களையும் வாங்கி, நலிந்த பிரிவினருக்கான மனை எண்களைத் தனிப் பதிவேட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் யார் பெயரில் பத்திரமாகியிருக்கிறது என்று வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். இணைக்கப்பட்ட மனைகளுக்குக் கட்டட அனுமதி கேட்டு வரும்போது, அந்தப் பதிவேடு ஊராட்சிச் செயலரின் மேசையில் இருக்க வேண்டும்.